எதில் ஒரு பங்கு?

பாஸ்கராசாரியர் 1150 ஆம் ஆண்டில் இயற்றிய லீலாவதியில், வட்டியும் நிழலும் தானியக் குவியலும் செங்கல் அடுக்குமாகக் கணக்கு வகைகள் பலவற்றை விரித்துக்கொண்டு செல்லும்போது, ஓரிடத்தில் சற்றே நின்று, கணித நூலில் நாம் எதிர்பாராத ஒரு கருத்தை வெளியிடுகிறார். இறைவன் எண்ணற்ற வடிவங்களோடு இப்பிரபஞ்சம் முழுவதிலும் வியாபித்திருப்பது எவ்வாறோ, அவ்வாறே திரைராசிகம் என்னும் ஒரே விதி கணிதம் முழுவதிலும் வியாபித்திருக்கிறது என்பது அதன் சாரம். பக்தி மிகுந்த ஆசிரியர் ஒருவர் போகிற போக்கில் சொல்லிய உயர்வு நவிற்சி என்று இதைக் கடந்துவிடுவது எளிது. ஆயினும் அந்த உவமையை அதற்குரிய கனத்தோடு எடுத்துக்கொண்டால், சமயத்தையும் அறத்தையும் பற்றிய ஒரு கடினமான வினா அதிலிருந்து எழுகிறது என்றே நான் எண்ணுகிறேன்.

திரைராசிகமாவது, தெரிந்த மூன்று எண்களைக் கொண்டு தெரியாத நான்காவதைக் காணும் முறை. கி.பி. 499 ஐ ஒட்டி எழுந்த ஆரியபடீயத்திலேயே அது ஒரு சுலோகத்தில் அடங்கிவிட்டது: பிரமாணம் என்ற முதல் எண்ணுக்குப் பலம் என்ற இரண்டாம் எண் கிடைக்குமானால், இச்சை என்ற மூன்றாம் எண்ணுக்குக் கிடைப்பது எவ்வளவு? பலத்தை இச்சையால் பெருக்கிப் பிரமாணத்தால் வகுத்தால் விடை வந்துவிடும். இன்று நம் பள்ளிகளில் சதவீதக் கணக்கு என்ற பெயரோடு கற்பிக்கப்படுவது, பிரமாணத்தை நூறு என்று நிலைநிறுத்திக்கொண்ட இதே திரைராசிகமன்றி வேறன்று. நூறுக்கு வீதம் எப்படியோ முழுமைக்குப் பகுதி அப்படி என்று விகித சமமாக எழுதிக்கொண்டால், களத்தில் விளைந்த 250 மூட்டை நெல்லில் 30 மூட்டை தானத்துக்கு ஒதுக்கப்பட்டது நூற்றுக்கு எவ்வளவு என்ற கேள்விக்கும் (12), விளைவில் நூற்றுக்குப் பன்னிரண்டாகிய 30 மூட்டையைத் தானம் செய்தவனுக்கு மொத்தம் விளைந்தது எவ்வளவு என்ற கேள்விக்கும் (250), குறுக்கே பெருக்கி வகுக்கும் ஒரே செய்கை போதும்.

இந்தக் கணக்கில் மாணவர் இடறுவது பெருக்கலிலும் வகுத்தலிலும் அன்று. முழுமை எது என்று காண்பதில்தான். மாதம் நூறு ரூபாய் கூலி பெற்ற தொழிலாளிக்கு, காலம் கெட்டபோது நூற்றுக்கு இருபது குறைத்த முதலாளி, காலம் சீர்ப்பட்டபின் நூற்றுக்கு இருபது உயர்த்திவிட்டு, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று மனச்சாட்சிக்கு விரோதமின்றியே சொல்லக்கூடும். ஆனால் குறைத்தபோது முழுமையாக நின்றது நூறு. உயர்த்தும்போது முழுமையாக நிற்பது எண்பது. எண்பதின் இருபது விழுக்காடு பதினாறே ஆகையால், அத்தொழிலாளி 96 ரூபாயோடு நிற்கிறான். அவன் இழந்ததை ஈடுசெய்ய நூற்றுக்கு இருபத்தைந்து வேண்டும். ஐந்தில் ஒன்றை எடுத்தவன் நான்கில் ஒன்றைத் தந்தாலன்றி நேராகாது என்ற இந்த உண்மை பார்வைக்கு வெறும் எண் விஷயம். கூலியை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்துக்கோ அது நான்கு ரூபாய் விஷயம்.

எதில் ஒரு பங்கு என்ற இதே கேள்வியை உலகத்துச் சமயங்கள் பலவும் சந்தித்திருக்கின்றன. கடமையைத் தொகையாக விதிக்காமல் விகிதமாக விதிப்பது அவற்றின் பழைய வழக்கம். யூதர் வேதத்தில் விளைவின் பத்திலொன்று. இஸ்லாத்தில் ஸகாத் என்னும் நாற்பதிலொன்று. நம் தர்ம சாஸ்திரங்களில் அரசனுக்குரிய ஆறிலொன்று. சீக்கியரிடத்தில் தசவந்த் என்னும் பத்திலொன்று. ஏன் தொகையாக விதிக்கவில்லை என்றால், ஆளுக்குப் பத்து நாணயம் என்ற விதி செல்வனுக்குத் தூசாகவும் வறியவனுக்கு மலையாகவும் இருக்கும் என்பது வெளிப்படை. நியாயம் என்பதே ஒருவகை விகித சமந்தான் என்று அரிஸ்டாட்டில் தம் அறநூலின் ஐந்தாம் பகுதியில் வாதித்ததும் இந்த அனுபவத்தை ஒட்டியதே. கணிதத்தில் விகிதம் செய்யும் பணியைச் சமுதாயத்திலும் அது செய்கிறது. அளவால் ஒவ்வாத இருவரை ஒரே வரிசையில் நிறுத்திப் பார்க்க இடம் தருகிறது.

ஸகாத்தின் விதிகளைச் சற்று நின்று நோக்குவோர், அவற்றை வகுத்த சட்ட அறிஞர்கள் நாற்பதிலொன்று என்ற வீதத்தைக் காட்டிலும், அந்த வீதம் எதன்மேல் விழவேண்டும் என்பதில் எத்துணைக் கவலை கொண்டார்கள் என்பதைக் கண்டு வியப்பர். வெள்ளியில் 200 திர்ஹம், பொன்னில் 20 தீனார் என்ற எல்லைக்குக் கீழே உள்ளவனுக்கு அந்தக் கடமையே இல்லை. குடியிருக்கும் வீடும் உடுக்கும் துணியும் கணக்கில் சேரா. எல்லையைத் தொட்ட செல்வமும் ஒரு சந்திர ஆண்டு முழுவதும் உடையவனிடத்தில் தங்கியிருந்தால்தான் நாற்பதிலொன்று, நம் பழைய கணக்காயர் அரைமா என்று சொல்லிய அதே பின்னம், அதிலிருந்து பிரியும். 200 திர்ஹத்துக்கு ஐந்து. விளைபொருளுக்கோ விதி வேறு: மழை நீரால் விளைந்ததில் பத்திலொன்று, மனிதன் பாடுபட்டு இறைத்த நீரால் விளைந்ததில் இருபதிலொன்று. ஒரே அளவு தானியம், இரண்டு வீதம். இடையில் நிற்பது இறைத்தவனுடைய உழைப்பு. வானம் தந்ததையும் தோள் தந்ததையும் ஒரே முழுமையாகக் கொள்ள மறுத்த இந்த நுட்பத்தை, அறவுணர்ச்சியும் கணக்கும் ஒன்றையொன்று தழுவி நின்றதற்கு மிகச் சிறந்த உதாரணமாகவே நான் போற்றுகிறேன்.

முதலாளியின் கூலிக் கணக்கில் நாம் கண்ட இருபதும் இருபத்தைந்தும், வியக்கத்தக்க வகையில், யூதர்களின் தால்மூதிலேயே வழக்காடப்பட்டிருக்கின்றன. அடைக்கலமாக வைத்த பொருளை மறுத்துப் பொய்ச் சத்தியம் செய்தவன், பிறகு மனம் திருந்திக் குற்றத்தை ஒப்புக்கொண்டால், முதலைத் திருப்பித் தருவதோடு ஐந்திலொன்றைக் கூட்டித் தரவேண்டும் என்பது வேத விதி. எதில் ஐந்திலொன்று? பாவா மெட்ஸியா என்னும் பகுதியில் ரப்பிகள் இதனை எழுப்புகிறார்கள். உள்ளிருந்து கணக்கிட்டால் முதலாகிய நூறின் ஐந்திலொன்று இருபது, தருவது 120. வெளியிலிருந்து கணக்கிட்டால், முதலும் கூட்டியதும் சேர்ந்து ஐந்து சம பங்குகளாக அமையவேண்டும். அப்பொழுது கூட்டுவது இருபத்தைந்து, தருவது 125. வேதத்தின் சொல் ஒன்றே. பொருள் கொள்வோர் முழுமையை எங்கே வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் திருந்தியவனின் கடன் ஐந்து நாணயம் ஏறுகிறது அல்லது இறங்குகிறது. இத்தகைய வாதங்களை மயிர் பிளக்கும் வாதம் என்று இகழ்வாரும் உளர். பொருளை இழந்தவன் வாசலில் நின்று பார்த்தால் அவ்வாறு இகழத் தோன்றாது.

இனி பாஸ்கரரின் உவமைக்குத் திரும்புவோம். இறைவனைப்போல எங்கும் நிறைந்த விதி என்று அவர் புகழ்ந்த அதே முறையின் விரிவாகிய பஞ்சராசிகத்துக்கு லீலாவதி தரும் உதாரணங்களுள் ஒன்று வட்டிக் கணக்கு. நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டியானால் பதினாறுக்கு ஓராண்டில் வட்டி எவ்வளவு? விடை ஒன்பதும் ஐந்தில் மூன்றும். கணக்கு பிழையற்றது. ஆனால் மாதம் ஐந்து என்றால் ஆண்டுக்கு அறுபது. பதினாறு நாணயம் கடன் வாங்கிய குடியானவன் ஓராண்டு கழித்துப் பாதிக்கு மேல் வட்டியாகவே அளக்கிறான். மனுஸ்மிருதியைப் புரட்டினால் இவ்வீதத்தின் வரலாறு இன்னும் துலக்கமாகும். வசிஷ்டர் விதித்ததாக அங்கே கூறப்படும் வட்டி மாதம் எண்பதிலொன்று, அதாவது நூற்றுக்கு ஒன்றேகால். அதை அடுத்து, வருண வரிசைப்படி மாதம் நூற்றுக்கு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வேறொரு விதியும் வருகிறது. வரிசையின் தலையில் நின்றவனுக்கு ஆண்டுக்கு இருபத்துநான்கு. கடையில் நின்றவனுக்கு அறுபது. பெரும்பாலும் பொருள் குறைந்தவன் எவனோ அவன்மீதே வீதம் ஏறியது. இது அநியாயம் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. சாஸ்திரத்தின் பெயரால் வந்தமையால் அந்த அநியாயம் குறைந்துவிடவும் இல்லை.

ஆகவே வினா இதுதான்: பிரபஞ்சத்தில் இறைவன்போல விகிதம் கணக்கில் நிறைந்திருக்கிறது என்றால், மழையில் விளைந்ததையும் இறைத்து விளைந்ததையும் பிரித்தறிந்த அந்தக் கருணைக் கணக்கிலும், ஏழையின்மேல் அறுபதை ஏற்றிய அந்தக் கொடுங்கணக்கிலும் அது ஒரே தன்மையாகத்தானே நிறைந்திருக்கிறது? குறுக்கே பெருக்கும் செய்கை இரண்டிலும் ஒன்று. அதற்கு ஈவும் இல்லை, இரக்கமும் இல்லை. என் அறிவுக்கு எட்டிய வரையில் இதற்கு விடை, அறம் கணக்கின் செய்கைக்குள் நுழைவதே இல்லை என்பதே. எதை முழுமையாகக் கொள்வது, எதனோடு எதை ஒப்பிடுவது, எந்த எல்லையில் விகிதத்தை நிறுத்துவது என்ற தீர்மானங்கள் முதல் எண்ணை எழுதுமுன்பே ஆகிவிடுகின்றன. அறமோ அறமின்மையோ அங்கேயே குடியேறிவிடுகிறது. மனுநூலிலேயே, ஒருமுறையாகப் பெறும் வட்டி முதலோடு சேர்ந்து முதலின் இருமடங்கைத் தாண்டலாகாது என்ற தடையும் இருக்கிறது. மாதம் ஐந்து வீதத்தில் இருபது மாதத்திலும், வசிஷ்டரின் வீதத்தில் எண்பது மாதத்திலும் கடன் இருமடங்காகி நின்றுவிடும். வீதம் எவ்வளவு கொடியதானாலும் ஒரு கரை உண்டு என்று யாரோ ஒருவர் நினைத்திருக்கிறார். அந்த நினைவு திரைராசிகத்திலிருந்து பிறந்ததன்று.

முழுமையைத் தீர்மானிப்பதன் ஆழத்தை எனக்குத் தெரிந்து மிக நுண்மையாகக் காட்டுவது, மகாபாரதத்தின் அசுவமேதிக பர்வத்தில் வரும் கீரியின் கதை. யுதிஷ்டிரனுடைய யாகம் முடிந்து, அள்ளி வழங்கிய பொன்னின் புகழ் திசையெங்கும் பரவியிருந்த நேரத்தில், பாதி உடல் பொன்னான கீரியொன்று அவைக்கு வந்து, குருக்ஷேத்திரத்தில் உஞ்சவிருத்தியால் வாழ்ந்த ஓர் ஏழை அந்தணன் கொடுத்த ஒரு பிரஸ்தம் சத்துமாவுக்கு இந்த யாகம் ஈடாகாது என்று கூறுகிறது. பஞ்ச காலம். சிந்திய யவ மணிகளைப் பொறுக்கி வந்து மாவாக்கி, அந்தணனும் மனைவியும் மகனும் மருமகளுமாக நால்வர் ஆளுக்கு ஒரு குடவமாகப் பகிர்ந்துகொண்டு உண்ண அமர்கையில் விருந்தாளி வருகிறான். நான்கு குடவம் ஒரு பிரஸ்தம். அந்தணன் தன் பங்கை அளிக்கிறான். விருந்தாளிக்குப் பசி தீரவில்லை. மனைவி தருகிறாள், தீரவில்லை. பிறகு மகன், கடைசியில் மருமகள். ஒவ்வொருவரும் கொடுக்க முன்வரும்போது மற்றவர் தடுப்பதும், கொடுப்பவர் தன் உரிமையை வாதிட்டு நிலைநாட்டுவதுமாகக் கதை நீளுகிறது.

இதனைச் சதவீதக் கணக்காக எழுதிப் பார்த்தால் என்ன ஆகிறதென்று கவனியுங்கள். வீட்டில் இருந்த மாவு முழுவதையும் முழுமையாகக் கொண்டால் நால்வரும் நூற்றுக்கு இருபத்தைந்து கொடுத்தார்கள், எல்லாரும் சமம். கொடுக்கும் கணத்தில் வீட்டில் எஞ்சியிருந்ததை முழுமையாகக் கொண்டால், அந்தணன் கொடுத்தது இருபத்தைந்து, மனைவி கொடுத்தது முப்பத்து மூன்றும் மூன்றிலொன்றும், மகன் கொடுத்தது ஐம்பது, மருமகள் கொடுத்தது நூறு. அவரவருக்கு உரியதை முழுமையாகக் கொண்டாலோ, நால்வரும் நூற்றுக்கு நூறு. கைமாறியது ஒவ்வொரு முறையும் அதே ஒரு குடவம் மாவுதான். மருமகளின் பங்கை வாங்க மாமனார் மிகவும் தயங்குவதாக வியாசர் காட்டுவது ஏன் என்பது இரண்டாவது கணக்கைப் பார்த்தபின் நன்றாக விளங்குகிறது. அவள் கொடுத்துவிட்டால் வீட்டில் மீதி எதுவும் இல்லை. முதலில் கொடுத்தவனுக்குப் பின்னே மூன்று பங்கு இருந்தது என்ற ஆறுதல் அவளுக்குக் கிடையாது.

யுதிஷ்டிரன் பக்கம் திரும்பினால் கணக்கு இன்னும் கடினமாகிறது. அவன் வழங்கிய செல்வத்துக்கு மூலமாக இருந்தது, முன்னொரு காலத்தில் மருத்தன் என்ற அரசன் செய்த யாகத்தில் மிஞ்சி இமயமலைப் பகுதியில் புதைந்து கிடந்த பொன். போரினால் கருவூலம் வறண்டு, யாகத்துக்கு வழியின்றி நின்ற பாண்டவருக்கு அதைச் சுட்டிக்காட்டியவர் வியாசர். ஆகவே, தன்னுடையதில் எத்தனை விழுக்காடு கொடுத்தான் என்று யுதிஷ்டிரனைக் கேட்பதற்கு முன்பே, அவனுடையது என்று எழுத வேண்டிய எண் எது என்ற கேள்வி எழுந்து நிற்கிறது. யுதிஷ்டிரன் தர்மவான் என்பதை நான் மறுக்கவில்லை. போரின் பாவத்தை எண்ணி அவன் பட்ட வேதனையும் பொய்யன்று. தொகையின் பெருமையில் அந்தக் கேள்வி மறைந்துபோகக்கூடாது என்றுதான், யாகம் நடந்த இடத்துக்கே கீரியை வியாசர் அனுப்பினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்திருந்த இயேசு, செல்வர்கள் மிகுதியாகப் போட்டுக்கொண்டிருக்க, இரண்டு சிறு செப்புக் காசுகளைப் போட்ட ஏழைக் கைம்பெண்ணைச் சுட்டி, எல்லாரையும்விட இவளே அதிகம் போட்டாள் என்று சீடர்களுக்கு உணர்த்தியதாக மாற்கும் லூக்காவும் எழுதியிருப்பதும் இதே இனத்தது. முழுமை அவளுடைய பிழைப்பு முழுவதும், பகுதியும் அதுவே. ஆனால் இங்கே விகிதத்தின் எல்லையும் தென்படுகிறது. திரைராசிகத்தில் முதலாவதும் மூன்றாவதும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவையாக இருக்கவேண்டும் என்பது பாஸ்கரர் வற்புறுத்தும் நிபந்தனை. நாழிக்கு நாழி, பணத்துக்குப் பணம். செல்வன் தன் மிகுதியில் பத்திலொன்றைக் கொடுப்பதும், ஏழை தன் நாளைய உணவில் பத்திலொன்றைக் கொடுப்பதும் எண்ணால் ஒரே விகிதமானாலும் ஒரே ஜாதியல்ல. ஒன்றில் குறைவது பெட்டகம், மற்றொன்றில் குறைவது உடல். எல்லைக்குக் கீழே கடமை இல்லை என்ற ஸகாத் விதி இந்தப் பேதத்தைச் சட்டத்தின் மொழியில் ஒப்புக்கொள்கிறது. அதைப் பின்பற்றியிருந்தால் அந்தக் கைம்பெண் ஒரு காசும் போட வேண்டியதில்லை. அவள் போட்டாள் என்பதால், மற்ற ஏழைகளும் போடவேண்டும் என்று எந்த அர்ச்சகனும் எந்த அரசனும் கேட்க உரிமை பெற்றுவிடவில்லை. கீரியின் கதையை எடுத்துக்காட்டி ஏழையிடம் தானம் வாங்கப் புறப்படுபவன் அக்கதையைத் தலைகீழாகப் படித்தவன்.

தர்மத்தைக் கணக்குப் பார்த்துச் செய்வது தர்மமாகுமா என்று ஒரு கேள்வி உண்டு. வலக்கை தருவதை இடக்கை அறியலாகாது என்பது உயர்ந்த கொள்கை. அதை நான் வணங்குகிறேன். ஆனால் கணக்குப் பாராதவனின் நினைவு எப்படி இயங்குகிறது என்பதையும் எண்ணவேண்டும். கொடுத்த தொகை அவனுக்கு ஞாபகத்தில் நிற்கிறது. கோயில் திருப்பணிக்கு ஐந்நூறு, வெள்ளத்தில் வீடிழந்தோருக்கு நூறு என்று பல ஆண்டுகளுக்குப் பின்னும் அவனால் சொல்ல முடிகிறது. அந்தந்த நாளில் தன்னிடம் இருந்தது எவ்வளவு என்று கேட்டால் சொல்ல முடிவதில்லை. பகுதி நினைவில் நின்று முழுமை மறந்துபோனால், எந்தத் தொகையும் பெரிதாகவே தோன்றும். தன்னடக்கம் உள்ள நல்லவர்களுக்கும் இது நேர்கிறது. கொடுப்பவனின் செல்வத்தில் பெறுபவனுக்கு ஓர் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்ட சமயம், கொடுப்பவனுடைய ஞாபகத்தை நம்பி அவ்வுரிமையை விட்டுவைக்க இயலாது. ஆகையால்தான் ஸகாத்துக்குரிய ஆண்டு நிறைவுற்ற நாளில், கடைக்காரன் விற்காமல் இருக்கும் சரக்கை அன்றைய சந்தை விலைக்கு மதிப்பிட்டு, கையிலுள்ள ரொக்கத்தையும் பொன்னையும் வெள்ளியையும் அதனோடு கூட்டி, மொத்தத்தை முதலில் எழுதிக்கொண்டு, பிறகு நாற்பதால் வகுக்கிறான்.